முதலில் சொன்னது யார்?

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான் சொல்லப்போகிறேன். ஆனால் கொஞ்சம் கசக்கும்.

ஆறு சனிக்கிழமையாக வகுப்புக்கு வந்தும் வாயைத் திறக்காத அந்தப் பெண், அன்றைக்குப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான். இது எழுந்து என்னத்தை உளறி வைக்குமோ என்று வகுப்பு எடுக்கும் நூலகி கடைசி வரிசையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. கடைசி வரிசையில் தலைமை அலுவலகத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். போனில் வருகிற செய்தியில் மெய் எது, பொய் எது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கும் இந்த வகுப்பு அவருக்குப் பிடித்துவிட்டால், ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே இழுத்துக்கொண்டிருக்கும் அவள் வேலை நிரந்தரமாகிவிடும்.

அதுவரை எல்லாம் அமர்க்களமாகத்தான் போனது. பயிற்சிச் செய்திகளை நூலகியே தயாரிப்பாள். நம்பும்படியாகப் பொய் எழுதுவதில் அவளுக்கு ஒரு கைராசி. இரண்டு தலை மீன் படத்தைப் பார்த்து, எங்கள் வீட்டிலும் இப்படித்தான், இரண்டு தலையும் ஒத்துப்போவதே இல்லை என்று ஒருத்தி சொல்ல, அதிகாரி கூடச் சிரித்துவிட்டார்.

ஊமைக்கோட்டான் முன்னால் வந்து, போனில் வந்த ஒரு படத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு ஆள் தண்ணீர் கேனைச் சாக்கடை ஓரம் சாய்த்துப் பிடித்திருக்கிறார். ‘இவர் போடும் தண்ணீரைக் குடிக்காதீர்கள்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழ் ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது.

இந்தப் படம் சுற்றியதில் அந்த ஆளுக்கு ஒரு வீடு பாக்கியில்லாமல் வாடிக்கை போயிற்று, வண்டியையும் விற்றாயிற்று, இப்போது அவர் வெளியே தலைகாட்டுவதே இல்லை என்று தணிந்த குரலில் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“முதல்ல சொன்னது யாருன்னு தேடணும்னு சொல்லிக் குடுத்தீங்களே மேடம். இதை முதல்ல சொன்னது யாரு?”

நூலகி தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மாடி ஜன்னலிலிருந்து அவளே எடுத்த படம். தெருவில் யாரோ ஒருவர் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். போன வருஷத்துப் பிள்ளைகளுக்காகச் செய்த பயிற்சித் தாள். ‘இது பயிற்சிக்கான பொய்’ என்று அடியில் எழுதித்தான் கொடுத்திருந்தாள். அந்த ஒரு வரியை யாரோ வெட்டிவிட்டுப் போனில் அனுப்பியிருக்கிறார்கள்.

அதிகாரி பேனாவைத் திறந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“இதெல்லாம் நூறு கை மாறி வந்திருக்கும்மா. முதல் ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது,” என்றாள் நூலகி. குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் அவர் நூலகியைப் பாராட்டிவிட்டுப் படியிறங்கினார். மற்ற பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஊமைக்கோட்டான் மட்டும் நின்று நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

நூலகிக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆள் உனக்குத் தெரிந்தவரா என்று கேட்டாள். அப்பா என்றாள் அந்தப் பெண்.

“அடடா, முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா? என்னால ஆனதைச் செஞ்சிருப்பேனே.”

அவள் கடைசி நாற்காலியையும் அடுக்கிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“முழுத் தாளும் எங்க வீட்ல இருக்கு, மேடம். நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் ஆறு வாரமா வந்தேன்.”

நன்றாக இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பேர் ஊர் வாயில் விழாமல் இருக்கட்டும்.