லூர்தம்மாள் கண்டுபிடித்த பேண்ட்

"கோமளா! அடியே கோமளா! இத்தக் கொஞ்சம் கேளு. புதுசா ஒரு மியூசிக் பேண்டு வந்துகீது. ஏரிக்கரை பசங்களாம். இன்னா அடி அடிக்கிறானுங்க தெரியுமா!"

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் லூர்தம்மாள்.

பக்கத்து வீட்டுக் கோமளா சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

புதுசாம்! ஏரிக்கரை பசங்க வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அம்பத்தூரில் அவர்கள் பாட்டு ஓடாத ஷேர் ஆட்டோ கிடையாது. காலேஜ் விழாவா, கல்யாண ரிசப்ஷனா, கூப்பிடு அவர்களை. ஸ்கூல் வேனில் ஏறும் வாண்டுகள்கூட அதைத்தான் பாடுகின்றன.

அந்த பேண்டில் ட்ரம்ஸ் வாசிப்பவன் ரிச்சர்ட். லூர்தம்மாளின் ஒரே மகன்.

இது தெருவுக்கே தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பாடி ஏரியாவில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறேன், நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டுத்தான் அவன் கச்சேரிக்குக் கிளம்புவான்.

காரணம் இல்லாமல் இல்லை. லூர்தம்மாளின் புருஷன் அந்தோணிராஜும் ட்ரம்ஸ்காரர்தான். கச்சேரி முடிந்தால் குடி, குடி முடிந்தால் கடன். கடைசியில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கே நடுத்தெருவில் நின்று கத்தினாள் லூர்தம்மாள்.

"என் புள்ள அந்தக் குச்சியத் தொட்டான்னு தெரிஞ்சுது, அன்னியோட என் ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது!"

ஆகவே தெருவே கூடிப் பொய் சொன்னது. ரிச்சர்ட் எங்கே என்றால், மளிகைக்கடை வேம்புலிகூட நிமிராமல், "ஷிஃப்ட்டுக்குப் போயிட்டான்" என்பார்.

"நல்லாக் கேளுடி" என்றாள் லூர்தம்மாள். "ட்ரம்ஸ் வாசிக்கிறான் பாரு, அவன்தான் கெத்து. மத்தவனுங்கல்லாம் சும்மா. மூஞ்சிதான் தெரிய மாட்டேங்குது, ஒரே புகையா வுட்டுகிறானுங்க."

"எல்லாம் ஒரே மாரிதான்க்கா கீது" என்று சமாளித்தாள் கோமளா.

"போடி, ஞானசூன்யம்!"

அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் அதே பெருமை. அப்புறம் வேம்புலி கடை. அவருடைய ஸ்பீக்கரில் போடச் சொல்லி, தெருவுக்கே கேட்கும்படி சத்தத்தை ஏற்றினாள். வேம்புலி பருப்பு கட்டுவதை விட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

கோமளாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஊரே கேட்டு முடித்ததை இவள் இன்றைக்குக் கண்டுபிடித்தாளாம். பெத்த புள்ளை என்ன பண்ணுகிறான் என்று தெரியாமல் என்ன பொம்பளையோ!

ஆனாலும் பையன் பாவம். பின்வாசல் வழியாக ஓடி, தூங்கிக்கொண்டிருந்த ரிச்சர்டை உலுக்கினாள்.

"டேய், எழுந்திருடா! உங்கம்மா உன் வீடியோவப் பாத்துட்சு. நீதான்னு இன்னும் தெரில. தெரிஞ்சா அவ்ளோதான்!"

ரிச்சர்ட் எழுந்து உட்கார்ந்தான்.

"இனிமே பயமில்லக்கா. நான் பேண்ட வுட்டுட்டேன்."

"இன்னாடா சொல்ற?"

"பாடியில நெஜமாவே ஒரு வேலை கெடச்சிகீது. திங்கக்கெழமை சேரணும். டே ஷிஃப்ட்டு மாத்திட்டாங்கன்னு நேத்தே அம்மாகிட்ட சொல்லிட்டேன். பொய் சொல்லிட்டு அம்மா கையால சோறு துன்ன முடியலக்கா."

"அப்போ ட்ரம்ஸு?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோமளா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவன் கை எப்படிப்பட்ட கை என்று தெருவில் யாருக்குத்தான் தெரியாது?

அந்த நேரம் பார்த்து லூர்தம்மாள் உள்ளே வந்தாள். போன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"டேய், நீயும் கேளுடா. புது பேண்டு."

ரிச்சர்டால் அதற்குமேல் முடியவில்லை.

"ம்மா... அந்த ட்ரம்ஸ் வாசிக்கிறது நான்தாம்மா. மன்னிச்சுடும்மா. எல்லாத்தையும் வுட்டுட்டேன். இனிமே சத்தியமா தொட மாட்டேன்."

கோமளா கதவோரமாக ஒட்டிக்கொண்டாள். இன்றைக்கு இந்த வீட்டில் என்னென்ன உடையப்போகிறதோ!

லூர்தம்மாள் பாட்டை நிறுத்தவில்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தொட மாட்டியா? நீ டே ஷிஃப்ட்டுன்னு சொன்னப்பவே ட்ரம்ஸ வுட்டுட்டன்னு புரிஞ்சுபோச்சு, அதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கலடா. அன்னிக்கு நடுத்தெருவுல நின்னுதான் கத்தினேன். அந்தப் பேச்ச மாத்தணும்னா தெரு முன்னாலதான மாத்தணும்? அதான் காலைலேர்ந்து ஊடு ஊடாப் போய் உன் பாட்டப் போட்டு, ட்ரம்ஸ்காரன்தான் கெத்துன்னு சொல்லிகினு வரேன்."

"ம்மா! உனக்கு முன்னாடியே..."

"மிஷின் ஓட்றேன்னு சொன்ன. உன் சட்டயத் தொவைக்கிறவ நானு. ஒரு நாளு, ஒரு சொட்டு ஆயில் கறை பாத்திருப்பனா? உன் மொதப் பாட்டு வந்தப்பவே பஸ்ஸுல கேட்டுட்டேன். டிரைவரு, கண்டக்டரு எல்லாம் தாளம் போட்றானுங்க. என் புள்ளடான்னு கத்தணும் போல இருந்துச்சு. உங்கப்பனுக்கு இந்தக் கை வராதுடா!"

சொல்லும்போதே அவள் முகம் பூரித்துவிட்டது. ரிச்சர்ட் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

கோமளாவுக்கு வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யக்கா, எல்லாம் தெரிஞ்சுகினே ஏன்க்கா இத்தினி வருஷம் ஒண்ணும் தெரியாத மாரி இருந்த?"

லூர்தம்மாள் மகன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்னு சொன்னா, சொன்ன சொல்லுக்கு இவன வாசலுக்கு வெளிய நிறுத்தியாவணும்டி. நிறுத்த மனசு வரல. அதான், தெருவுலயே நான் ஒருத்தி மட்டும் தெரியாதவளா இருந்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன்."