ஆரோக்கியமானவர்கள் முப்பது பேர்

மூன்றாவது முறையாக அதே கட்டளையைத் தட்டினாள்.

கணினி யோசித்தது. மறுபடியும் அதே படம். அதே சிவப்பு.

"சே!"

மவுஸை மேஜையில் அறைந்தாள்.

ஆய்வுக் கட்டுரை இன்றைக்குப் போயாக வேண்டும். கல்லீரல் புற்றுநோயை ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடும் சோதனை. நோயாளிகள் முப்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்க, ஆரோக்கியமானவர்கள் முப்பது பேர். யார் ரத்தத்தில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று மென்பொருள் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும். அடங்கிக் கிடந்தால் நீலம். ஆட்டம் போட்டால் சிவப்பு.

நோயாளிகளிடம் கோளாறில்லை. ஆளுக்கொரு விதமாக இருந்தார்கள், மனிதர்களைப் போல.

ஆரோக்கியமானவர்கள்தான் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள்.

அதிலும் அந்தக் கடைசி வரிசை. நஞ்சுக்கொடியின் ஜீன். கர்ப்பிணிகளின் ரத்தத்தில்தான் தலைகாட்டும்.

முப்பது கட்டமும் சிவப்பு.

பட்டியல்படி ஓய்வுபெற்ற தாசில்தார் கர்ப்பம். லாரி டிரைவர் கர்ப்பம்.

சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

முப்பது பேராவது, மண்ணாவது! ஒரே ஒருத்தியின் ரத்தத்தை முப்பது குழாய்களில் பங்கு போட்டு, இல்லாத பெயர்களை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதை நம்பி பொள்ளாச்சி, உடுமலை என்று ஊர் ஊராக முகாம் போடுவார்கள். நோய் இருப்பவனிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். அவனும் கும்பிட்டுவிட்டுப் போவான்.

கதவு திறந்தது. பேராசிரியர் ஞானசிகாமணி. கையில் ஸ்வீட் பெட்டி.

"அனுப்பியாச்சா கண்ணு?"

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், உங்க தாசில்தார் மாசமா இருக்காரு."

அவர் முகம் வெளுத்தது. உடனே ஒரு சிரிப்பு வந்து அதை மூடியது.

"அட, அந்த ஒரு வரிசைதானே? தூக்கிப் போட்டுட்டு அனுப்பு. ஆரு கேக்கப் போறாங்க? உன்ற பட்டமும் இதுலதான் இருக்குது, பாத்துக்க."

பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதை ஓரமாகத் தள்ளினாள்.

வரிசையைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் பொத்தான் மேல் விரல்.

ஒரு தட்டு. ஐந்து வருடப் படிப்பு கரை சேர்ந்துவிடும்.

விரலை எடுத்தாள்.

படத்தை அப்படியே மின்னஞ்சலில் இணைத்தாள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் முகவரியைப் போட்டாள். அனுப்பினாள்.

அந்த ஒருத்தி யார் என்று கேட்பார்கள்.

பங்குனியில் ஒரு நாள், "மெஷின் சரியா ஓடுதான்னு பாக்கோணும், கொஞ்சம் ரத்தம் குடு கண்ணு" என்றார் பேராசிரியர். கையை நீட்டினாள்.

அடுத்த வாரம் லீவு கேட்டாள். "வயித்து வலிக்கெல்லாம் லீவா?" என்று சிரித்தார்.

வயிற்று வலி என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஸ்கேனுக்குக் குறித்த நாள் வருமுன்பே கரு கலைந்துபோயிருந்தது.

திரையைப் பார்த்தாள்.

இந்தச் சிவப்பைத் தவிர அதற்கு வேறு படம் கிடையாது.