ஒரு ஸ்பிரிங் குறை

கண்ணாடி அலமாரியில் ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. வெடிமருந்து கெட்டித்து, அதைப் பற்றவைக்கக் கேப்பு வைத்துச் சுடுகிற காலத்து ஆயுதம். உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது.

"ஒரு ஸ்பிரிங் மட்டும் இருந்திருந்தா புலியையே சாய்ச்சிருப்பேன்" என்று அது தினமும் சொல்லும். சுவரிலிருக்கும் பல்லி உடனே "ச்சு ச்சு" என்னும். பல்லியே சொல்லிவிட்டதே என்று ரிவால்வர் நிம்மதியாகத் தூங்கும்.

சொந்தக்காரர் அந்த ஸ்பிரிங்குக்காகப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். அவர் வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் ரிவால்வர் வெளியே புலம்பும். உள்ளுக்குள் அப்பாடா என்றிருக்கும்.

ஒருநாள் ஸ்பிரிங் கிடைத்துவிட்டது. அவர் அதை அரத்தால் ராவிப் பொருத்தினார், எண்ணெய் விட்டார்.

"அண்ணே, இனி என்ன குறை?" என்று பல்லி குதூகலித்தது.

ரிவால்வருக்கு விட்ட எண்ணெய் வியர்வை மாதிரி வழிந்தது. சொந்தக்காரர் சும்மா ஒரு தரம் விசையை இழுத்துப் பார்த்தார். "டக்!" எல்லாம் கச்சிதமாக வேலை செய்தது.

அவர் போனதும் ரிவால்வர் மெல்லத் தொண்டையைக் கனைத்தது.

"ஆனா கேப்பு இல்லையே தம்பி. ஒரேயொரு கேப்பு மட்டும் இருந்திருந்தா..."

சொல்லிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பல்லி வாயைத் திறக்கவில்லை.