சின்னக் கீறல்

லாரியில் கடற்கரைக்கு வந்திறங்கிய புதுப் படகுக்கு, வழியில் வேகத்தடை ஒன்றில் தூக்கிப்போட்டதில் விலாவில் பெரிய விரிசல் விழுந்துவிட்டது.

"என் தப்புதான் தங்கச்சி," என்றது லாரி. "இன்சூரன்ஸ் கொக்கு இப்போ வரும். விரிசலை நல்லாக் காட்டு. அது எழுதிக் கொடுத்தாத்தான் சரிபண்ணுவாங்க. இல்லேன்னா நீ கடலுக்கே போக முடியாது."

கொக்கு வந்ததும் கரையிலிருந்த படகுகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. புதுப் படகுக்குக் கூச்சமாகிவிட்டது. விரிசல் மணலில் மறையும்படி சாய்ந்துகொண்டது.

"எங்கேம்மா அடி?"

"ஒண்ணுமில்லைங்க. சின்னக் கீறல்தான்."

"இதுக்கா என்னைப் பறக்க வச்சீங்க!" கொக்கு அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டது.

"ஏன் காட்டலை?" என்று லாரி கேட்டது.

மறுநாள் மற்ற படகுகள் கடலுக்குப் போயின. கரையில் யாருமே இல்லை. அப்போதுதான் புதுப் படகு, விரிசல் வெளியே தெரியும்படி மெல்லத் திரும்பிப் படுத்தது.