இமையாளுக்கு

அந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லையே, கணவனிடம்கூட. அமலி மறுபடியும் திரையைப் பார்த்தாள். கருத்துத்திருட்டுச் சோதனையில் அவளுடைய ஆய்வேடு முழுவதும் தேறியிருந்தது. சமர்ப்பணப் பக்கத்தில் ‘கண் திறக்காமலே போன என் மகள் இமையாளுக்கு’ என்ற வரி மட்டும் சிவந்து கிடந்தது. அமலி பிறப்பதற்கு முன்பே, முன்பின் தெரியாத ஒருத்தி தன் ஆய்வேட்டில் அதே வரியை எழுதியிருந்தாள்.

“சமர்ப்பணத்தைக்கூடவா காப்பியடிப்பாங்க?” நெறியாளர் குணசீலன் சிரித்தார். “பேரை மட்டும் மாத்திடும்மா. நாளைக்கே சப்மிட் பண்ணிடலாம். இல்லேன்னா உன் பட்டம் நின்னுடும்.”

அமலி பெயரை அழிக்க விசைமேல் விரலை வைத்தாள். காலியான வயிற்றுக்குள் ஒரு சின்னக் கால் உதைத்தது.

“அது அப்படியே இருக்கட்டும் சார்” என்று கையை எடுத்துக்கொண்டாள்.