பை மட்டும் பாக்கி

மகள் டீகன் கல்யாணத்துக்கு நானே பீர் காய்ச்சுவதாக பெண்டிகோ ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பழைய பீப்பாயின் தலையை அறுத்து, அடியில் குழாய் பொருத்தி, பெரிய அண்டாவாக மாற்றியாகிவிட்டது. உள்ளே பார்லியைப் போட்டு ஊறவைக்கும் பைதான் பாக்கி. கடைப் பை எதுவும் அந்த வாய்க்குப் போதவில்லை.

"பையை நான் தைச்சுத் தரேன். தூக்கிறதுக்கு மேல ஒரு கப்பி மாட்டுப்பா," என்றாள் டீகன்.

"கப்பி எதுக்கு? எனக்குக் கை இருக்கு."

"சரியான வீம்பு!"

சனிக்கிழமை ஷெட்டுக்கு வெள்ளைப் பையோடு வந்தாள். சன்னமான துணி, கெட்டித் தையல். பார்லி சுடுநீரில் ஊறி முடியும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"உன் ஆளு ப்ரோடி எங்க? மாமனாருக்கு வந்து ஒத்தாசை பண்ண மாட்டாரோ துரை?"

"பையைத் தூக்குப்பா."

இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். ஒரு உமிகூட வெளியே வரவில்லை. தேன் நிறத்தில் சாறு வடிந்தது.

"அடி சக்கை! எங்கடி பிடிச்ச இந்தத் துணிய?"

 பையின் ஓரத்தில் சின்னதாக வெள்ளைப் பூ வேலை தெரிந்தது. போன மாதம் கடைக் கண்ணாடி முன் நின்று, "எப்படிப்பா இருக்கு?" என்று அவள் கேட்டபோது நெற்றியில் கிடந்த அதே பூ.

"டீகன்... இது கல்யாணத்துக்குத் தலையில போட வாங்கின நெட் முக்காடாச்சே?"

"இனி எதுக்குப்பா அது? அவன் என்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டான்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பை நிறைய ஈரப் பார்லி. விட்டால் சுடுநீர் அவள்மேல் தெறிக்கும். தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். அவளைத் தொட எனக்கு ஒரு கைகூட மிச்சமில்லை.