பழைய கழகத்து இருக்கை

இதனை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். நான் ஆட்டம் அறிந்தவன் அல்லன். பின்வரிசைப் பார்வையாளன் மட்டுமே. முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் கொண்டோடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் அஜந்தன் பெரும்பெயர் பெற்றவன். கிண்ணம் வென்ற நாளில் சக வீரர்கள் அவனைத் தோளில் சுமக்க, மெல்பேர்ன் அரங்கமே எழுந்து கைதட்டியது. பின்னர் அவன் தன் கழகத்தை விட்டு எதிரணிக்கு மாறினான். இரு அணிகளும் மோதிய அன்று அவனுடைய தாய் பவளராணி மட்டும் பழைய கழகத்து ரசிகர்களிடையே தமது வழமையான இருக்கையில் அமர்ந்தார். புலம்பெயர்ந்த அவருக்கு வாய்த்த ஒரே கூட்டம் அதுதான். அஜந்தன் பந்தைத் தொடும்போதெல்லாம் அக்கூட்டம் ஊளையிட்டது.

"இந்த ஊரில சமயம் மாறலாம், கழகம் மாறக்கூடாது," என்றார் அருகிலிருந்த தர்மகுலம். "நீங்கள் ஏனக்கா சும்மா இருக்கிறியள்? மகனோட நீங்களும் மாறிட்டியளோ?"

முன்வரிசையினர் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். பந்து மீண்டும் அவனிடம் வந்தது. பவளராணி கைகளை வாயருகே குவித்து, எல்லோரையும்விட உரக்க ஊளையிட்டார். அந்தக் குரலை அறிந்தவனாய் அஜந்தன் தலையைத் திருப்பினான். பக்கவாட்டில் பாய்ந்து வந்த இருவரை அவன் காணவில்லை.

அன்று இழக்கப்பட்டவை: அவனது வலது முழங்கால், எஞ்சியிருந்த ஆட்ட வாழ்வு, அவன் வாயில் 'அம்மா' என்னும் சொல்.